இறக்க முடியாத வலையை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரங்களில் விளையாட்டுத் திடல்களைச் சுற்றிப் பந்து தடுப்பு வலை வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. கோரிக்கை நியாயமானது. திடலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு நடைபாதைகூட இல்லாத இடங்கள் இங்கே பல. பந்து பைக்கில் வருபவர் மேல் பட்டாலும், பந்தைத் துரத்திப் பிள்ளைகள் சாலைக்கு ஓடினாலும் ஆபத்துதான். ஆனால் கட்டிய வலை இரண்டு மழைக்காலத்துக்குள் சாய்ந்தோ கிழிந்தோ போனால் எல்லோரும் 'வலை மட்டமான சரக்கு' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் வலையின் மேல் குற்றமில்லை. முதலில் போவது கம்பம், வயர் ரோப் (இரும்பு இழைகளை முறுக்கிய கயிறு), கட்டு இவைதான். இவை எல்லாவற்றுக்கும் மேலான குறை, புயல் வருமுன் வலையை இறக்க வழியே வைக்காமல் கட்டிவிடுவது.

கணக்காகவே பார்த்துவிடலாம். கம்பத்துக்குக் கம்பம் 10 மீட்டர், உயரம் 6 மீட்டர் என்றால் ஒரு பகுதியின் பரப்பு 60 சதுர மீட்டர். 50 மி.மீ. கண்ணும் (வலையின் ஓட்டை) 2 மி.மீ. நூலும் உள்ள வலையில், முடிச்சுகளையும் சேர்த்து, காற்றை மறிக்கும் பரப்பு பத்தில் ஒரு பங்குதான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சூறை அடித்தால் ஒரு சதுர மீட்டர் மீது சுமார் 24 கிலோ அழுத்தம் விழும். அப்போது அந்தப் பகுதி முழுவதும் வாங்கும் சுமை 145 கிலோ அளவில் இருக்கும். இதைத் தாங்குவது கடினமல்ல. அதே வலையில் பத்தடிக்கு ஆறடி ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கட்டினால், அந்தப் பேனர் மட்டும் 130 கிலோவுக்கு மேல் வாங்கும். வலை முழுவதும் வாங்கும் சுமைக்குச் சற்றேறக்குறைய சமம். போட்டி நடத்துகிறவர்கள் மூன்று பேனர் கட்டிவிட்டுப் போட்டி முடிந்ததும் அவிழ்க்க மறந்துவிடுவார்கள். அடுத்த வாரம் கோடை மழைக் காற்றில் கம்பம் சாயும். நிழலுக்காகப் பச்சை ஷேட் நெட்டை வலையோடு சேர்த்துத் தைப்பது இதைவிட மோசம். அப்படிச் செய்த பிறகு அது வலை அல்ல, பாய்மரப் படகின் பாய்.

புயலுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ. பேனர் எதுவும் இல்லாத வெறும் வலைக்கே ஒரு பகுதிக்கு 900 கிலோ வரை வரும். நடுக்கம்பத்தின் அடியில் அது சுமார் 2.7 டன்-மீட்டர் வளைவு விசையாக (சுமையை, அது விழும் உயரத்தால் பெருக்கிய அளவு) இறங்கும். 5.4 மி.மீ. கனமுள்ள ஆறங்குல ஜி.ஐ. பைப் ஏறத்தாழ 2.3 டன்-மீட்டரிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். நாலங்குல பைப் 1 டன்-மீட்டரைத் தொட்டதுமே வளைந்துவிடும். சுற்றியுள்ள கட்டடங்களின் மறைவுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், வலையை ஏற்றியபடியே புயலைத் தாங்கவேண்டுமானால் கம்பத்துக்கும் அடித்தளத்துக்கும் ஆகும் செலவு எந்த வார்டு நிதியிலும் அடங்காது. 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது வேரோடிய மரங்களே நகரெங்கும் சாய்ந்து கிடந்தன. வலையை இறக்கிவிட்டால் வெறும் கம்பத்துக்கும் வயருக்கும் அதே காற்றில் வரும் சுமை மிகச் சொற்பம். ஆகவே வலையை ஏற்றி இறக்கும்படி அமைப்பதைக் கூடுதல் வசதி என்று நினைக்கக்கூடாது. மற்ற எல்லா அளவுகளும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

அதைச் செய்யும் முறை எளிது. வலையை ஒரே நீளமாகக் கட்டாமல், இரண்டு கம்பங்களுக்கு ஒரு துண்டு எனத் தனித்தனியாகத் தைக்க வேண்டும். மேலே கம்பத்துக்குக் கம்பம் போகும் வயர் ரோப் நிலையாக இருக்கும். வலை அதில் கட்டப்படாது. இரண்டு கம்பத் தலையிலும் ஒவ்வொரு கப்பி, வயரின் நடுவில் ஒரு கப்பி. வலையின் மேல் கயிற்றில் மூன்று இடங்களில் 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு பிடித்து, அந்தக் கப்பிகள் வழியாக ஏற்ற வேண்டும். நடுக்கயிற்றைத் தனியாகக் கீழே விடாமல், வயரை ஒட்டிக் கம்பத் தலைக்குக் கொண்டுபோய் இன்னொரு கப்பி வழியாக இறக்கினால் கயிறுகள் எல்லாம் கம்பத்தடியிலேயே நிற்கும். ஒரு துண்டுக்கு 45 மீட்டர் கயிறும் நான்கு கப்பியும் போதும். வலையின் பக்க ஓரங்கள் காற்றில் அலையாமல் இருக்க, கம்பத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு 5 மி.மீ. வயர் இழுத்து, இரண்டடிக்கு ஒன்றாக வளையம் மாட்டினால் வலை அதில் ஏறி இறங்கும். எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் நூல் வலையில் ஒரு துண்டு, ஓரக் கயிறோடு சேர்த்து, பத்துக் கிலோவைத் தாண்டாது. இரண்டு பேர் நிதானமாக இறக்கிச் சுருட்டிவிடலாம். கயிற்றின் முனையைக் கட்டும் கொக்கி தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கைக்கு எட்டினால் பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள்.

பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவு என்று அதைப் போடாதீர்கள். வெயிலில் தூள் தூளாக உதிரும். ஏற்றிய வலை ஒருநாள் தானாகவே இறங்கிவிடும்.

கம்பத்தில் நடக்கும் பெரிய தவறு, பலர் கவனிக்காதது. கடையில் பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். 6 மீட்டர் உயர வலைக்கு, மண்ணுக்குள் போவதையும் சேர்த்து, ஏழே முக்கால் மீட்டராவது வேண்டும். மிச்சத்துக்கு ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஒட்டு எங்கே வருகிறது என்பதில்தான் கம்பத்தின் ஆயுள் இருக்கிறது. சின்னத் துண்டைக் கீழே வைத்து முழு பைப்பை அதன் மேல் வெல்டிங் செய்தால் ஒட்டு தரைமட்டத்தை ஒட்டி வரும். வளைவு விசை உச்சமாக இருப்பதும், துரு முதலில் பிடிப்பதும் அதே இடம். முழு பைப்பைக் கீழே நட்டு, ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள்ளும் நாலரை மீட்டர் வெளியிலும் விட்டு, மேலே ஐந்தங்குல பைப்பை ஆறங்குலத்துக்குள் ஒன்றரை அடி இறக்கிப் பற்றவைத்தால் ஒட்டு வளைவு விசை வெகுவாகக் குறைந்த உயரத்துக்குப் போய்விடும். பழைய இரும்பு விளக்குக் கம்பங்கள் கீழே பருத்து மேலே படிப்படியாகச் சிறுத்திருப்பதன் காரணம் இதுவே.

வெல்டிங், துளை எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கம்பத்தை ஹாட் டிப் முறையில் துத்தநாகத்தில் முக்க வேண்டும். பூச்சு 70 மைக்ரானுக்குக் குறையக்கூடாது. கறுப்பு பைப்புக்கு சில்வர் பெயின்ட் அடித்துவிட்டு ஜி.ஐ. என்று சொல்வது காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் ஒரு வருடத்திலேயே வெளுத்துவிடும். கம்பத் தலையை மூடி போட்டு அடைக்கவேண்டும். இல்லையென்றால் மழைநீர் உள்ளே நின்று, வெளியில் பளபளப்பாக இருக்கும் கம்பம் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். அடியில் கான்கிரீட் தரைக்கு மேல் மூன்று அங்குலம் எழும்பி, தண்ணீர் வழிந்தோடும் சரிவோடு முடிய வேண்டும்.

குழி ஒன்றரை மீட்டர் ஆழம், 75 செ.மீ. விட்டம். அடியில் நான்கு அங்குலம் ஜல்லி போட்டுக் கெட்டித்த பிறகு எம்-20 கான்கிரீட், அதாவது சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. ஒரு குழிக்கு சுமார் 0.65 கன மீட்டர். சிமென்ட் ஐந்து மூட்டைக்கு மேல் பிடிக்கும். இரண்டு மூட்டையில் ஒரு கம்பத்தை நட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால் குழியின் அளவைக் கேளுங்கள். கொடுங்கையூர், புளியந்தோப்புப் பக்கம் களிமண்ணும் கொட்டி நிரப்பிய மண்ணும் கலந்திருக்கும். நிரப்பு மண்ணைத் தாண்டி இயல்பு மண்ணைத் தொடும்வரை தோண்ட வேண்டும். கடலோரத்தில் மணல் சரியும். அடி இல்லாத பழைய டிரம்மை இறக்கிக்கொண்டே தோண்டலாம். நிலத்தடி நீர் மேலே நிற்கும் மாதங்களில் குழியில் தேங்கிய தண்ணீரின் மேலேயே கலவையைக் கொட்டுகிறார்கள். சிமென்ட் பால் கரைந்து போய் அடியில் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். மார்ச் முதல் ஜூன் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். ஏழு நாள் தண்ணீர் விட்டு, குறைந்தது பதினான்கு நாள் கழித்துத்தான் வயரை இழுத்துக் கட்ட வேண்டும்.

தோண்டுமுன் இன்னொன்று. நம் பகுதியில் பில்லர் பாக்ஸிலிருந்து (தெருவோர மின் பகிர்வுப் பெட்டி) போகும் மின் கேபிள்கள் மண்ணுக்குள் ஓடுகின்றன. குடிநீர்க் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கும். கடப்பாரையை இறக்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் குடிநீர் வாரியத்திலும் பாதை கேட்டு, முதல் மூன்றடியைக் கையால் தோண்டுங்கள். மேலே கம்பி போகும் இடமானால், குறைந்த அழுத்தக் கம்பிக்கும் நம் கம்பம், வயர் எதற்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும். வயர் அறுந்து வீசினால் எங்கே போய் விழும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்திலும் மின்கம்பத்திலும் வயரைச் சுற்றி ஒரு கம்பம் மிச்சப்படுத்துவது உயிரோடு விளையாடுவது. மழை நாளில் கசியும் மின்சாரம் இரும்பு வயர் வழியாகத் திடலைச் சுற்றிவரும்.

காம்பவுண்ட் சுவரின் மேல் பேஸ் பிளேட் வைத்து போல்ட் அடித்துக் கம்பம் நிறுத்துவதும் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தன் எடையைத் தாங்கவும் மறைவுக்கு நிற்கவும் கட்டப்பட்டது. வலையின் இழுப்பு வந்தால் சுவர் வெளிப்புறம் சாயும். அங்கேதான் இட்லிக் கடையும் பேருந்துக்கு நிற்பவர்களும்.

அடுத்து வயர் ரோப். 8 மி.மீ., 6×19 கட்டுமானம் (ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை), கால்வனைஸ் செய்தது. முறியும் வலு சுமார் 3.4 டன். இவ்வளவு வலுவான வயர் ஏன் கடைசிக் கம்பத்தைச் சாய்க்கிறது? விறைப்பாக இழுத்துக் கட்டுவதால்தான். முன்பு சொன்ன 72 கிலோமீட்டர் காற்றில் மேல் வயருக்கு மீட்டருக்கு ஏழு கிலோ வருகிறது. 10 மீட்டர் இடைவெளியில் வயர் நடுவில் 50 செ.மீ. வளையும்படி தொய்வு விட்டால் இழுவிசை 180 கிலோ. 20 செ.மீ. மட்டும் விட்டால் 450 கிலோ. 'பார்க்க அழகாக இல்லை' என்று டர்ன்பக்கிளை (வயரை இறுக்கும் திருகு) முறுக்கி 5 செ.மீ. ஆக்கினால் கணக்குப்படி 1.8 டன் வரை ஏறும். நடுக்கம்பங்களில் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். கடைசிக் கம்பத்துக்கு ஒரு பக்கம்தான் இழுப்பு. அதனால் கடைசிக் கம்பங்களுக்கு ஸ்டே (கம்பத் தலையிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டும் சாய்வு வயர்) அல்லது முட்டு கட்டாயம். ஸ்டே 45 பாகையில் இறங்கினால் அதில் வரும் விசை வயர் இழுப்பைப் போல 1.4 மடங்கு. இடமில்லை என்று கம்பத்தை ஒட்டி 30 பாகையில் செங்குத்தாக இறக்கினால் இரண்டு மடங்கு. வடசென்னைத் தெருவில் வெளியே ஸ்டே இறக்க இடம் ஏது, இறக்கினாலும் இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். கடைசிக் கம்பத்துக்கும் அதற்கு முந்தைய கம்பத்துக்கும் நடுவில், வலையின் வரிசையிலேயே, ஒரு சாய்வு முட்டு பைப்பைப் பொருத்துவது நமக்குச் சரிப்படும்.

வயர் முனையை வெறுமனே வளைத்துக் கட்டாமல், மடிப்பைக் காக்கும் இரும்பு வளையமான திம்பிளில் சுற்றி, மூன்று வயர் கிளாம்ப் போட வேண்டும். கிளாம்புக்குக் கிளாம்ப் 5 செ.மீ.; மடித்துவரும் முனை 18 செ.மீ. இருக்கட்டும். கிளாம்பின் தட்டையான உட்காரும் பகுதி சுமை தாங்கும் நீள வயரின் பக்கமும், யு-போல்ட் மடித்த முனையின் பக்கமும் வரவேண்டும். மூன்றுமே ஒரே திசையில். ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் மாற்றிப் போட்டால் யு-போல்ட் நல்ல வயரை நசுக்கி இழைகளை வெட்டும். முதல் முறை சுமை ஏறியதும் வயர் சற்று மெலியும், நட்டுகள் தளர்ந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து முறுக்குவதை வேலையின் பகுதியாகவே எழுத வேண்டும். டர்ன்பக்கிளைப் பாதி திறந்த நிலையில் மாட்டினால்தான் பின்னால் இறுக்க இடமிருக்கும். கொக்கி முனையுள்ளது வேண்டாம். அதிர்வில் கழன்று விழும். மூடிய முனை வாங்கி, திருகு தானாக அவிழாதபடி உடலின் ஊடே ஒரு கம்பி கட்டிவிடுங்கள். பி.வி.சி. உறை போட்ட வயர் அழகாக இருக்கும், ஆனால் உறையின் மேல் கிளாம்ப் வழுக்கும். கிளாம்ப் விழும் இடத்தில் உறையை உரித்துவிட வேண்டும். மண்ணடி, பிராட்வே கடைகளில் கிடைக்கும் மின்முலாம் பூசிய கிளாம்புகள் மினுமினுக்கும். பூச்சு மெல்லியது, கடல்காற்றில் முதலில் போவது அவைதான். ஹாட் டிப் கிளாம்ப் கேட்டு வாங்க வேண்டும்.

வலை வாங்கும்போது கண் அளவில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. மீன்வலைக் கடையில் கண்ணை நீட்டி இழுத்து, முடிச்சுக்கு எதிர் முடிச்சு அளப்பார்கள். விளையாட்டு வலைக்காரர்கள் சதுரத்தின் ஒரு பக்கத்தை அளப்பார்கள். '50 மி.மீ.' என்று மட்டும் எழுதி மீன்வலைக் கடையில் கொடுத்தால் பக்கம் 25 மி.மீ. உள்ள வலை வரும். விலை கூடும், அதைவிட, காற்றை மறிக்கும் பரப்பு இரட்டிப்பாகிக் கம்பத்தின் கணக்கே கெடும். கிரிக்கெட் பந்தின் விட்டம் 7.1 செ.மீ.க்கு மேல், டென்னிஸ் பந்து 6.5 செ.மீ.க்கு மேல், பக்கம் 50 மி.மீ. இரண்டுக்கும் போதும். கால்பந்து மட்டும் ஆடும் திடலுக்குப் பக்கம் 100 மி.மீ., நூல் 3 மி.மீ. எடுத்தால் காற்றுச் சுமை இன்னும் குறையும். வைர வடிவக் கண்ணைச் சதுரமாக விரிய விடவேண்டுமானால், நீட்டிய நீளம் தொங்கும் நீளத்தைப் போல 1.41 மடங்கு வேண்டும். 30 மீட்டருக்கு 6 மீட்டர் தடுப்புக்கு நீட்டிய அளவில் 42.5-க்கு 8.5 மீட்டர், தொய்வுக்கும் சேர்த்து 45-க்கு 9 மீட்டர் எடுங்கள். வலை திரை போல் தளர்ந்து தொங்கினால்தான் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். விறைத்த வலை பந்தைத் திருப்பி அடிக்கும், முடிச்சுகளும் சீக்கிரம் விடும்.

ஓரக் கயிற்றில் வலையைக் கண் கண்ணாக வலை ஊசியால் கோத்துக் கட்ட வேண்டும். காசிமேட்டில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கொடுக்காமல் வெள்ளை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுவது ஏனென்று புரியவில்லை. அந்த டேக் வெயிலில் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. சென்ட்ரிங் வேலைக்கு வைத்திருக்கும் கட்டுக்கம்பியால் முறுக்குவது அதைவிடக் கெடுதல், உரசி உரசி நூலை அறுத்துவிடும். வலையின் அடி ஓரத்தை மட்டும் வேண்டுமென்றே மெல்லிய 2 மி.மீ. நூலால் கட்டுங்கள். இறக்க நேரமில்லாத திடீர்க் காற்றில் அந்தக் கட்டு முதலில் அறுந்து வலை மேலே பறக்கும், கம்பம் பிழைக்கும். மறுநாள் ஒரு நூல்கண்டும் ஒரு மணி நேரமும்தான் செலவு.

மாஞ்சா நூலையும் சொல்லவேண்டும். தடை இருந்தும் கோடை விடுமுறையில் நம் பக்கம் பட்டம் ஓயாது. வலையில் சிக்கிய மாஞ்சா, காற்றில் அசைய அசைய நூலை அறுக்கும். கிளிகளும் காகங்களும் மாட்டிக்கொள்ளும். பட்டத்தை எடுக்கப் பிள்ளைகள் கம்பத்தில் ஏறுவார்கள். இறக்கும் வலையாக இருந்தால் மாதம் ஒருமுறை இறக்கி, மாஞ்சாவை எடுத்து, அறுந்த கண்ணைத் தைத்து ஏற்றிவிடலாம். நிலையாகக் கட்டிய வலைக்கு ஏணியும் ஆளும் தேடவேண்டும், தேடமாட்டார்கள்.

திடல்களுக்கு வலை கேட்டு மனு கொடுக்கும் மன்றங்களும், மதிப்பீடு போடும் பொறியாளர்களும் ஒன்று செய்யலாம். வலையைச் சதுர அடிக் கணக்கில் ஒரே வரியில் எழுதி விலை கேட்பதை விட்டு, அடித்தளம், கம்பம், வயரும் இணைப்பும், வலை, கப்பியும் கயிறும் என ஐந்து வரியாகப் பிரித்து எழுதட்டும். ஒரே வரியாக இருந்தால் ஒப்பந்ததாரர் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில்தான் மிச்சம் பிடிப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, விலை அப்படிக் கேட்கப்படுகிறது. வைப்புத்தொகையின் ஒரு பகுதியை ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டும்வரை நிறுத்திவைக்கலாம். வேலையை ஒப்படைக்கும் நாளில் திடல் காவலாளியும் மன்றத்து இளைஞர் இருவரும் எல்லாத் துண்டுகளையும் தாங்களே இறக்கி ஏற்றிக் காட்டட்டும். அவர்களால் முடியாவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

எப்போது இறக்குவது என்பதற்கும் புதிதாக விதி எழுத வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்ததும் வலை தரைக்கு வரட்டும். கூண்டு இறங்கிய பிறகு, வயர் கிளாம்புகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே நிலையாகக் கட்டியிருக்கும் திடல்களில் இந்த அக்டோபருக்குள் கப்பியும் கயிறும் மாட்டுவது பெரிய வேலையல்ல. கம்பம், வயர் இரண்டையும் தொடாமல் வலையை மட்டும் அவிழ்த்துத் துண்டாக்கித் தைத்தால் போதும்.

இப்படிக்கு,
வலை, கம்பம் கட்டும் தொழிலாளர்கள் சிலர்,
காசிமேடு, சென்னை.